குழந்தையின் கண்ணிமையில் பேன்: முதல் நாளிலிருந்து கடைசிப் பரிசோதனை வரை

மலேசியாவின் பினாங்கில் ஒரு கண் சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தேன். கண்ணிமையில் பேனோடு வரும் குழந்தைகளை அங்கே அடிக்கடி பார்த்ததில்லை. ஆனால் அப்படி வந்த குடும்பங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தடுமாற்றத்தைத்தான் பார்த்தேன். அம்மா நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்த்திருப்பார். பாட்டி கண்ணில் எண்ணெய் விட்டிருப்பார். யாரோ மெத்தைக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். பெரியவர்கள் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டார்களா என்று கேட்டால் பதில் வராது. இரண்டு வாரம் கழித்து அதே குழந்தை அதே அரிப்போடு திரும்பி வரும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் எங்கே சிக்கல் வரும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பூதக்கண்ணாடி, சுத்தமான பஞ்சு, கொதித்து ஆறிய தண்ணீர், செலோடேப், ஒரு வெள்ளைத் தாள், நகவெட்டி, குழந்தையைச் சுற்றிப் பிடிக்க ஒரு பழைய கைலி. இவ்வளவு போதும். மருந்துக் கடைக்கு இப்போதே ஓட வேண்டாம்.

முதல் வேலையாகக் குழந்தையின் நகத்தை வெட்டுங்கள். அரிப்புத் தாங்காமல் இரவெல்லாம் இமையைத் தேய்க்கும். நகம் பட்ட கீறலில் கிருமி புகுந்தால் இமை வீங்கி, பேன் எது புண் எது என்று டாக்டருக்கே பார்ப்பது கடினமாகிவிடும்.

கண்மை தீட்டும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு இன்னமும் மை தீட்டுகிறோம். அந்தக் கருப்புக்குள் ஈர் ஒளிந்துகொள்ளும். அதே மை டப்பாவில் விரலைத் தொட்டு அக்காவுக்கும் தீட்டுவோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஈரப் பஞ்சால் மையை மெதுவாகத் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள்.

2. கண்ணால் பாருங்கள், கையால் தொடாதீர்கள்

காலை வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, குழந்தை தூங்கும்போதோ பால் குடிக்கும்போதோ பாருங்கள். டார்ச் விளக்கை முகத்தில் அடித்தால் குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்ளும். பேனும் வெளிச்சத்தை விரும்பாது, முடியின் அடியிலேயே ஒட்டிக் கிடக்கும்.

கைத்தொலைபேசியின் பின்பக்கக் கேமராவால், ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டிலிருந்து நாலைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேருக்கு நேர் எடுத்தால் முடி எல்லாம் ஒன்றாகத் தெரியும், அடிப்பகுதி தெரியாது. இந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். குழந்தை கிளினிக்கில் கண்ணைத் திறக்க மறுத்தால் டாக்டருக்கு உதவும்.

ஈர் என்பது முட்டை. இமைமுடியின் அடியில் சாய்வாக ஒட்டிக்கொண்டு, பளபளவென்று நீள்வட்டமாக இருக்கும். பொரித்த பிறகு வெறும் கூடு வெள்ளையாகத் தெரியும். பேன் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், உடம்பு பாதி கண்ணாடி போல இருப்பதால் தோலின் நிறத்தோடு கலந்துவிடும். பலர் அதை மச்சம் என்றோ, காய்ந்த பொருக்கு என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் அசைவது தெரியும். இமை ஓரத்தில் செம்பழுப்புப் பொடி போலக் கிடந்தால் அது பேனின் எச்சம். இமைத் தோலில் நீலம் பாய்ந்த சின்னப் புள்ளிகள் இருந்தால் அவை கடித்த இடங்கள்.

பொடுகும் பீளையும் இதோடு குழம்பும். ஈரப் பஞ்சால் ஒரு தடவை மெதுவாக ஒற்றி எடுங்கள். பொடுகு உதிரும், பீளை கரைந்து வரும். ஈர் அசையாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பல குழந்தைகளுக்கு வெறும் கண் சிவப்பு, அலர்ஜி என்று வாரக்கணக்கில் சொட்டு மருந்து விடப்படுகிறது. சொட்டு மருந்து முடிந்தும் இரண்டு கண்ணிலும் அரிப்பு நிற்கவில்லை என்றால் இமைமுடியின் அடியைப் பாருங்கள்.

தானாக ஒன்று உதிர்ந்து விழுந்தால் செலோடேப்பில் ஒட்டி, வெள்ளைத் தாளில் பதித்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகைப் பேன் என்று சொல்ல அது போதும்.

3. இது தலைப் பேன் அல்ல என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்குத் தலையில் வரும் பேன் நீளமாக, ஒல்லியாக இருக்கும். அது இமைக்கு இறங்குவது மிக அரிது. இமையில் குடியேறுவது பெரும்பாலும் நண்டுப் பேன். அகலமான உடம்பு, நண்டுக் கொடுக்கு போன்ற கால் நகம். பெரியவர்களின் அந்தரங்க முடியில் வாழும் பேன் இதுதான்.

அது ஏன் இமைக்கு வருகிறது? அதன் கால்கள் இடைவெளி விட்டு முளைக்கும் தடித்த முடியைப் பிடித்து நடப்பதற்கு ஏற்றவை. தலைமுடி அடர்த்தியாக இருப்பதால் அதற்கு வசதிப்படாது. சின்னக் குழந்தையின் உடம்பில் தோதான இடைவெளி இருப்பது இமையிலும் புருவத்திலும்தான். சில குழந்தைகளுக்கு நெற்றியோரத் தலைமுடியிலும் இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, குழந்தைக்கு மொட்டை போடுவதால் இமைப் பேன் போகாது. பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ நேர்த்திக்கடன் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் இதற்கு அதை வைத்தியமாக நம்ப வேண்டாம். இன்னொன்று, குழந்தைக்கு இது ஒரு பெரியவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒரே படுக்கையில் தூங்குவது, மார்பில் சாய்ந்து உறங்குவது, ஒரே துவாலையில் முகம் துடைப்பது போன்ற சாதாரண நெருக்கத்திலும் வரும். வேறு விதமாகவும் வரக்கூடும். அதை 6-ஆவது படியில் சொல்கிறேன்.

4. டாக்டரைப் பார்க்கும் வரை இவற்றைச் செய்யாதீர்கள்

இடுக்கியால் பிடுங்காதீர்கள். பேன் முடியின் வேரோடு தோலையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இழுத்தால் முடியும் தோலும் கிழியும். குழந்தை ஒரு நொடி தலையைத் திருப்பினால் இடுக்கியின் முனை கருவிழியில் படும். கருவிழியில் கீறலோடு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். பேனைவிட அந்தக் கீறல்தான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

தலைப் பேனுக்கு விற்கும் ஷாம்பு, லோஷன் எதையும் இமையில் தடவாதீர்கள். பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் கண்ணில் பட்டால் எரித்துப் புண்ணாக்கும். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், கற்பூரம், கோடாலித் தைலம், தாய்ப்பால் எதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய் சுத்தமானதுதானே என்பார்கள். கடை எண்ணெய் கண்ணுக்கென்று கிருமி நீக்கிச் செய்யப்பட்டது அல்ல.

வாசலினும் அப்படித்தான். டாக்டர் எழுதித் தரும் கண் களிம்பும் அதே குடும்பத்துப் பொருள் என்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது. தோலுக்கான டப்பா வாசலின் கண்ணை உறுத்தும், விரல் பட்டுப் பட்டு அசுத்தமாகியும் இருக்கும். கண்ணுக்கென்றே குழாயில் வரும் களிம்பு வேறு.

5. எங்கே போவது, அங்கே என்ன நடக்கும்

முதலில் பக்கத்தில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). "கண் சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள், "இமைமுடியில் ஈர் ஒட்டியிருக்கிறது" என்று சொல்லிப் படத்தைக் காட்டுங்கள். சிவப்பு என்றால் வரிசையில் அது சாதாரணப் புகார், சொட்டு மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். கண் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தீவில் இருப்பவர்களைப் பெரும்பாலும் பினாங்கு பொது மருத்துவமனைக்கும், தலைநகரில் இருப்பவர்களைக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள்.

காய்ச்சல், இமை முழுக்க வீக்கம், வெளிச்சம் பார்க்கவே முடியாமை, கருவிழியில் வெண்மை இவற்றில் ஏதாவது இருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண் டாக்டர் உருப்பெருக்கி விளக்குக் கருவியில் பார்ப்பார். உங்கள் மடியில் குழந்தையை உட்காரவைத்து, கைகளைக் கைலியோடு சேர்த்துச் சுற்றி, நெற்றியை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் பசி நேரத்திலோ தூக்க நேரத்திலோ போகாதீர்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நுண்ணிய இடுக்கியால் பேனையும் ஈரையும் ஒவ்வொன்றாக எடுப்பார். நிறைய இருந்தால் இமைமுடியை வெட்டிவிடுவதும் உண்டு. பயப்படாதீர்கள், சில வாரங்களில் வளர்ந்துவிடும். அடங்கவே அடங்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்க நேரலாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் எடுக்க முடியாமல் போவதும் சகஜம்.

பேனைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரை பற்றி இப்போது பலர் கேள்விப்பட்டு வந்து கேட்கிறார்கள். 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அது பாதுகாப்பானது என்று உறுதிப்படவில்லை. நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

6. டாக்டர் கேட்கும் அந்தக் கேள்வி

குழந்தை யாரோடு தூங்குகிறது, யார் குளிப்பாட்டுகிறார்கள், பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர் கேட்பார். அந்தரங்க முடியில் வாழும் பேன் குழந்தையிடம் இருக்கும்போது பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்குமா என்று பார்ப்பது அவருடைய கடமை. உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காகக் கேட்பதில்லை. கோபப்பட்டு எழுந்து வந்துவிட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் சிகிச்சையும் பாதியில் நின்றது.

பல குடும்பங்களில் பதில் எளிதாகக் கிடைத்துவிடும்: அப்பாவின் மார்பில் படுத்துத் தூங்கும் குழந்தை, அப்பாவின் மார்பு முடியில் பேன். ஆனால் பதில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காத வீடும் உண்டு. அந்தரங்க இடத்தில் வலி, புண், ரத்தக் கசிவு, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் நடுக்கம், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போவது இவற்றில் எதையாவது பார்த்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் வரிசை மாறும். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம், உள்ளாடையையும் படுக்கை விரிப்பையும் துவைக்க வேண்டாம், நேரே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். துவைத்துவிட்டால் தடயம் போய்விடும். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். அதுவாகச் சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். 15999 என்ற தாலியான் காசே (அரசாங்க உதவித் தொலைபேசி) எண்ணில் 24 மணி நேரமும் உதவி கேட்கலாம்.

நியாயமான சந்தேகம் எழுந்தால் டாக்டர் சமூகநல அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் சொல்கிறது. குடும்ப உறுப்பினர்களுக்கும் அதே சட்டத்தில் அந்தக் கடமை உண்டு. வீட்டு மானம் என்று சொல்லி இதை மூடிவைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

7. களிம்பு போடுவது

டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் கண்ணுக்கான பாரஃபின் களிம்பு. ஒரு நாளைக்கு 2 முதல் 4 முறை, ஏறக்குறைய 10 நாள். இது விஷம் அல்ல. பேன் மூச்சு விடும் துளைகளை அடைத்து அதைச் சாகடிக்கிறது. அதனால் இமை ஓரம் முழுவதும் படிய வேண்டும். ஒரு சொட்டு நடுவில் வைத்து விட்டால் பலன் இல்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழாயை உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்திருந்தால் களிம்பு இளகும், சில்லென்று படாது. குழந்தை தூங்கிய பிறகு, மூடிய இமையின் ஓரத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மேலும் கீழும் முடியின் அடியில் படும்படி மெல்லிய கோடாகத் தடவுங்கள். குழாயின் முனை இமையைத் தொடக் கூடாது. பகலில் போடும்போது கைலியில் சுற்றி, மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க இன்னொருவர் தடவினால் சீக்கிரம் முடியும்.

போட்ட பிறகு கொஞ்ச நேரம் பார்வை மங்கும். நடக்கப் பழகும் குழந்தையைப் படிக்கட்டுப் பக்கம் விடாதீர்கள். அடுத்த முறை போடும் முன் பழைய களிம்பை ஈரப் பஞ்சால் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

நாலாவது நாளே அரிப்பு நின்றுவிடலாம். அப்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். களிம்பு பேனைக் கொல்லும் அளவுக்கு ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க 6 முதல் 10 நாள் ஆகும். நாலாவது நாள் நிறுத்தினால் எட்டாவது நாள் பொரிப்பவை தப்பித்துவிடும். நாள்காட்டித் தாளில் ஒவ்வொரு வேளையும் கோடு போடுங்கள். அம்மா போட்டாரா பாட்டி போட்டாரா என்ற குழப்பம் வராது.

8. அதே நாளில் பெரியவர்களும்

குழந்தையோடு தூங்கும், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு பெரியவரும் தங்கள் அந்தரங்க முடி, அக்குள், மார்பு, தாடி, புருவம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் பார்த்தால் அது மறுபடி அதே மார்பில் போய்ப் படுக்கும், மறுபடி ஏறும். திங்கள் குழந்தைக்கு, அடுத்த சனி அப்பாவுக்கு என்று பிரித்தாலும் இதே கதைதான்.

பேசுவது கஷ்டம், தெரியும். யாரையும் சுட்டாமல் ஆரம்பியுங்கள். "அத்தை, வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்" என்று ஒரு மருமகள் என் முன்னாலேயே மாமியாரிடம் சொன்னார். தன்னை முதலில் வைத்ததால் பேச்சு முறியவில்லை. கணவனிடமும் அப்படியே தொடங்கலாம்.

பெரியவர்களுக்கு 1 விழுக்காடு பெர்மெத்ரின் லோஷன். தடவி 10 நிமிடம் வைத்துக் கழுவி, 9 அல்லது 10 நாள் கழித்து உயிருள்ள பேன் தெரிந்தால் மறுபடி. இமையிலோ புருவத்திலோ இருந்தால் அவர்களுக்கும் கண் களிம்புதான். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். பேன் இருக்கும் பெரியவரும் அவருடைய துணையும் மற்றப் பாலியல் தொற்றுகளுக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கூச்சத்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

9. துணியும் படுக்கையும்

6-ஆவது படியில் சந்தேகம் இல்லை என்று தெளிவான பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று நாளில் பயன்படுத்திய விரிப்பு, தலையணை உறை, துவாலை, தூளித் துணி, சட்டைகள் எல்லாவற்றையும் 54 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுநீரில் துவைத்து, சூட்டில் உலர்த்துங்கள். வீட்டு இயந்திரத்தில் சுடுநீர் வராது என்றால் பக்கத்துச் சுயசேவை டோபிக் கடையில் சுடுநீர்ச் சலவையும் சூட்டு உலர்த்தியும் இருக்கும். அடுக்குமாடி வராந்தாவில் வெயிலில் காயப் போடுவதை மட்டும் நம்பாதீர்கள்.

துவைக்க முடியாத பொம்மையை இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் 2 வாரம் வையுங்கள். மனித உடம்பை விட்ட பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். அதனால் மெத்தையைத் தூக்கி எறியவோ பூச்சி மருந்து அடிக்கவோ தேவையில்லை. அந்த மருந்தைக் குழந்தைதான் இரவு முழுக்க மூச்சில் இழுக்கும்.

10. பராமரிப்பாளரும் பாலர் பள்ளியும்

பகலில் பார்த்துக்கொள்பவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய படுக்கையில் குழந்தை தூங்கினால் 8-ஆவது படி அவருக்கும் உண்டு. பாலர் பள்ளியில் தனித் தலையணை, தனித் துவாலை கேளுங்கள். எப்போதிலிருந்து அனுப்பலாம் என்பதைக் கண் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. ஏழாம் நாள், பதினான்காம் நாள்

ஏழாம் நாள் காலையில் இரண்டாம் படியில் செய்தது போலவே படம் எடுத்து, முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். உயிருள்ள பேன் ஒன்று தெரிந்தாலும் மறுபடி டாக்டரிடம் போங்கள். களிம்பின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். பதினான்காம் நாள் இன்னொரு முறை, கிளினிக்கில். அன்று நெற்றியோரத் தலைமுடியையும் புருவத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இமை சுத்தமாகத் தெரிந்தால் அவற்றை மறந்துவிடுவது வழக்கம்.

வெள்ளைக் கூடுகள் மட்டும் முடியில் மிச்சம் இருக்கலாம். அவை காலி. முடி வளர வளர அடியிலிருந்து விலகி, முடியோடு உதிர்ந்துவிடும். அவற்றைக் கிள்ள வேண்டாம். முடியின் அடியில் பளபளப்பாக ஒன்று புதிதாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். இன்னும் பார்த்துக்கொள்ளாத பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். எட்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.